நீ கேட்ட சொல்லும் அக்காவின் பாவாடையும்

தம்பி,

நீ கேட்டது ஒரே ஒரு வரி. கல்யாணப் பத்திரிகையில் உன் கத்தார் சிநேகிதர்களுக்காக இங்கிலீஷில் போட்டிருக்கும் வரிக்குக் கீழே தமிழிலும் ஒன்று வேண்டும், "ஜாயின் அஸ்" என்பதற்கு நல்ல தமிழாகப் பார்த்து அனுப்பும்மா என்றாய். இவ்வளவு காலம் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தியவளுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்திருப்பாய். அச்சகத்துக்காரர் தினமும் போன் போடுகிறார். நானும் நாளைக்கு, நாளைக்கு என்று அவரை இழுத்தடித்துக்கொண்டிருக்கிறேன். சொல் கிடைக்காமல் இல்லை. அதை எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியில் "சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று ஓடிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஓடாமல் உட்கார்ந்து படி.

முதலில் டீச்சராகவே ஆரம்பிக்கிறேன், பொறுத்துக்கொள். ஜாயின் என்பது நம் ஊரில் தமிழ்ச் சொல் மாதிரியே ஆகிவிட்டது. வேலையில் ஜாயின் பண்ணுகிறோம், டியூஷனில் ஜாயின் பண்ணுகிறோம், லீவு முடிந்து மறுபடியும் ஜாயின் பண்ணுகிறோம். விருந்துக்குக் கூப்பிடும்போது நடுவில் ஒரு "வித்" தேவையில்லை, வெறும் "ஜாயின் அஸ்" போதும் என்று வருஷா வருஷம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறேன். நீ சரியாகத்தான் எழுதியிருக்கிறாய், சந்தோஷம். அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்கு வந்த சொல். அதற்கு முன்னால் லத்தீன். அங்கே அதன் பொருள், மாட்டை நுகத்தடியில் பூட்டுவது. நுகத்தடிக்கு இங்கிலீஷில் சொல்கிற "யோக்", வடமொழியின் "யோகம்", எல்லாம் ஒரே குடும்பம். நம் வீட்டுக்கு வரப்போகிற தாரணி கீரனூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வேலைக்குப் போகிறாளே, அந்தத் திருச்சியில் இருக்கிற ஜங்ஷனும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். நம் நுகமும் அதற்குச் சொந்தம் என்பவர்கள் உண்டு, இல்லவே இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. அந்தப் பஞ்சாயத்துக்கு நான் போகவில்லை.

இதே வேலையைச் செய்கிற வேறு சொற்களும் இருக்கின்றன. "யுனைட்" என்றால் இரண்டும் ஒன்றாகிவிடுவது. "மெர்ஜ்" என்றால் ஒன்று மற்றொன்றில் கரைந்து காணாமல் போவது. ஜாயின் அப்படியில்லை. சேர்ந்த பிறகும் இரண்டு இரண்டாகவே இருக்கும். நுகத்தில் பூட்டிய பிறகும் மாடு இரண்டுதான். துணியோடு துணியை வைத்துத் தைத்தால் ஜாயின், நூலைப் பிரித்தால் தனித்தனியாக வந்துவிடும். தாலி கட்டப் போகிறவனுக்கு என்னிடம் இருக்கிற புத்திமதி இவ்வளவுதான். தாரணியை உனக்குள் கரைக்கப் பார்க்காதே, நீயும் கரைந்து போகாதே. தையல் வெளியே தெரிந்தால் தெரியட்டும். இறந்தவர்களுக்கும் இங்கிலீஷில் இந்தச் சொல்லைப் போடுவார்கள், முன்னோர்களோடு ஜாயின் ஆகிவிட்டார் என்று. அந்த வாக்கியத்தை மட்டும் நான் வகுப்பில் ஒரு தடவைகூட உதாரணமாகச் சொன்னதில்லை. ஏன் என்று இப்போது சொல்கிறேன்.

போன தை மாதம் வீட்டுச்சாமிக்குப் படையல் போட்டோமே, நினைவிருக்கிறதா? வெள்ளிக்கிழமை, உனக்கு அங்கே விடுமுறை. நீதான் வீடியோ காலுக்கு லிங்க் அனுப்பினாய். சாமி அறையில் செம்பில் சாய்த்து வைத்த போனில் உன் முகம். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது, நடுப்பகலிலும் விளக்கு வெளிச்சம்தான். அப்பா மணி அடித்தார், நான் வழக்கம்போல "வந்து சேரு தாயி" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டு வாய் மூடவில்லை, நீ அங்கிருந்து சொன்னாய்: "யாரோ ஜாயின் பண்ணணும்னு கேக்குறாங்கம்மா. பேரு எதுவும் இல்ல, வெறும் புள்ளி மட்டும் இருக்கு. சித்தி மகன்தான் இப்படி ஏதாச்சும் வச்சிருப்பான்." சொல்லிக்கொண்டே அனுமதி கொடுத்துவிட்டாய். உன் முகத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புக் கட்டம் வந்தது. சத்தம் இல்லை, அசைவு இல்லை.

நீ கவனித்தாயோ என்னவோ, நான் கவனித்தேன். கற்பூரம் ஏற்றியதும் அந்தக் கறுப்புக் கட்டத்தின் மூலையிலும் மஞ்சளாக ஒரு வெளிச்சம் வந்தது. நான் தட்டை இடது பக்கம் கொண்டுபோனால் அதுவும் நகர்ந்தது. வலது பக்கம் கொண்டுவந்தால் கூடவே வந்தது. கற்பூரம் அணைந்தபோது கட்டமும் காணாமல் போனது. "நெட்வொர்க் கோளாறும்மா" என்று நீ சிரித்தாய். உன் திருவரங்குளத்துச் சித்தியிடம் விசாரித்தேன். அவள் மகன் அந்த நேரத்தில் மில்லில் ஷிப்டில் இருந்தானாம், அங்கே போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்களாம். ஆக, கூப்பிட்டது நான். யாரென்று பார்க்காமல் உள்ளே விட்டது நீ. அதனால் மிச்சத்தையும் நீ தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும்.

நம் வீட்டுச்சாமி உன் அக்கா அமுதா என்பது உனக்குத் தெரியும். கல்யாணம் ஆகாமல் போய்விட்ட பெண் பிள்ளையை நம் பக்கத்தில் விட்டுவிடுவதில்லை, வீட்டோடு வைத்துக் கும்பிடுவோம். ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பாவாடை, சட்டை, வளையல், ரிப்பன் எல்லாம் வைத்து மஞ்சள் துணியால் கட்டிச் சாமி அறைப் பரணில் ஏற்றிவிடுவோம். வருஷத்துக்கு ஒரு முறை இறக்கிப் படைத்து, பழைய துணியை உறவில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் புதுசு வைப்போம். இதெல்லாம் நீ பார்த்து வளர்ந்ததுதான். அவள் காய்ச்சலில் போனபோது அவளுக்கு எட்டு வயசு, நீ நடக்கப் பழகிக்கொண்டிருந்தாய். ஒன்று உனக்குத் தெரிந்திருக்காது. பெற்ற பிள்ளையை நாங்கள் ஏன் தம்பி என்று கூப்பிடுகிறோம் என்று நீ கேட்டதே இல்லை. உன்னை முதலில் தம்பி என்றவள் அவள்தான். அவளைப் பார்த்துத்தான் நாங்களும் சொல்ல ஆரம்பித்தோம். அவள் போன பிறகும் அந்தச் சொல் எங்கள் வாயில் தங்கிவிட்டது.

அவளுக்கு முதல் படையலுக்காக ஊதா நிறத்தில் துணி எடுத்துக்கொண்டு டெய்லர் பாயிடம் போனேன். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழி, வழக்கமாக அவளோடு போகிற கடை. பாய் அளவு கேட்டார். நான் என் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினேன். எல்லாம் சொல்லிவிட்டுத் திரும்பும்போது, ஒவ்வொரு தடவையும் சொல்வதை அன்றைக்கும் சொல்லிவிட்டேன். "ரெண்டு டக் வச்சுத் தைங்க பாய், வளர்ற புள்ள." உனக்குத் தெரியாமல் இருக்கலாம், சொல்கிறேன். சின்னப் பிள்ளைகளின் பாவாடையில் கீழே துணியை மடித்துப் பிடித்துத் தைத்துவிடுவார்கள், அதுதான் டக். பிள்ளை உயர உயர ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டால் பாவாடை நீளும். பாய்க்கு அமுதா போனது தெரியும், ஊருக்கே தெரியும். மிஷினில் இருந்த காலை எடுத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரிங்க டீச்சர், வச்சுத் தாரேன்" என்றார். எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நான் சொன்னது உறைத்தது. திரும்பப் போய் வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. பாவாடை இரண்டு டக்கோடு வந்தது, அப்படியே பெட்டியில் வைத்துக் கட்டினேன்.

அடுத்த வருஷம் பெட்டியை இறக்கிப் பிரித்தோம், நானும் அப்பாவும் மட்டும். பாவாடையை எடுத்து விரித்தேன். ஒரு டக் பிரிக்கப்பட்டிருந்தது. பிய்க்கவில்லை, எலி கடிக்கவில்லை. ஒவ்வொரு தையலாக எடுத்து, ஊதா நூலைச் சின்னச் சுருளாகச் சுற்றி ரிப்பனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது. துணியில் ஊசி போன துளைகள் வரிசையாகத் தெரிந்தன. நான் தலை நிமிர்ந்தேன். அப்பா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நூல் சுருளை அப்புறம் நான் என்ன செய்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது.

அந்த ஒரு வருஷம் நாங்கள் எப்படி இருந்தோம் என்று உனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இரண்டு பேர், அவ்வளவுதான். அவர் உரக்கடையே கதியென்று கிடந்தார், நான் விடைத்தாளே கதியென்று கிடந்தேன். உன்னை ஒருவர் மாற்றி ஒருவர் தூக்கிக்கொள்ளும்போதுகூட முகம் பார்த்துக்கொள்வதில்லை. அந்தப் பெட்டியைப் பார்த்த அன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? சட்டைக்குப் பொத்தான்கூடத் தைக்கத் தெரியாத மனுஷன், எனக்குத் தெரியாமல் பெட்டியை இறக்கி, பிளேடை வைத்துக்கொண்டு உட்கார்ந்து, மகள் வளர்ந்திருப்பாள் என்று டக்கைப் பிரித்துவிட்டிருக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். அழுதேன். அன்றைக்குச் சாயங்காலம் அவருக்குப் பிடித்த பூண்டு ரசம் வைத்து, "சாப்பிட வாங்க" என்று நானே போய்க் கூப்பிட்டேன். அவர் வந்து உட்கார்ந்து, "நீயும் போட்டுக்க" என்றார். எங்கள் குடித்தனம் மறுபடி ஆரம்பித்தது அந்தச் சாப்பாட்டில்தான்.

அதற்குப் பிறகு நான் நிறுத்தவில்லை. வருஷா வருஷம் அவளுக்கு ஒரு வயசு கூட்டித் துணி எடுத்தேன். அளவுக்கு எங்கும் போக வேண்டியதில்லை, அவள் வயசுப் பிள்ளைகள் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தார்கள். பாவாடை தாவணி ஆனது, தாவணி புடவை ஆனது. புடவைக்கு டக் இல்லை, அதனால் ஜாக்கெட்டின் ஓரத்தில் உள்ளே கொஞ்சம் துணி விட்டுத் தைக்கச் சொன்னேன். ஒவ்வொரு தை மாதமும் பெட்டியைத் திறந்தால் ஒரு தையல் பிரிந்திருக்கும், நூல் சுருட்டி வைத்திருக்கும். அப்பாவை நிமிர்ந்து பார்ப்பேன், அவரும் பார்ப்பார். அதுதான் எங்களுக்குத் திருவிழா. இதைத் தப்பு என்று நான் எழுதவில்லை. மற்ற பெற்றோர் பிள்ளைகளை வளர்க்கிற மாதிரி நாங்களும் வளர்த்தோம்.

உன் கல்யாணம் நிச்சயமானதும் சித்தி வந்தாள். பழைய துணியெல்லாம் அவள் மகளுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, அதனால் அளவு ஏறிக்கொண்டே வந்தது அவளுக்குத் தெரியும். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "அக்கா, நான் சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. எட்டு வயசுப் புள்ளையா வச்சிருந்தா எட்டு வயசுப் புள்ளையாவே இருந்திருக்கும். மிட்டாயும் பாவாடையும் போதும்னு இருந்திருக்கும். நீங்க வளத்துவிட்டுட்டீங்க. இப்ப ஒங்க வீட்டுல கல்யாணமாகாத மூத்த பொண்ணு நிக்கிது. அதத் தாண்டித் தம்பிக்குப் பொண்ணு கொண்டாரப் போறீங்க. வளந்த பொண்ணு என்ன கேக்கும்னு யோசிச்சீங்களா? வர்ற புள்ள கீரனூர்க்காரி, அவளுக்கு என்ன தெரியும் பாவம்" என்றாள். நான் டீச்சர் அல்லவா, வாய் சும்மா இருக்குமா? "சாமிக்கு வயசு ஏறக் கூடாதுன்னு எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?" என்றேன். அவள் சண்டை போடவில்லை. "டக் இல்லாம சின்னதா ஒரு பாவாடை தச்சு வைங்க. நீ எங்களுக்கு எட்டு வயசுப் புள்ளதான் தாயின்னு சொல்லிக் கும்புடுங்க. அதுக்கப்பறம் கல்யாணப் புடவைய எடுங்க. இல்லேன்னா நான் கல்யாணத்துக்கு வரல, என் புள்ளைகளையும் அனுப்பல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

டக் இல்லாத பாவாடை என்றால் உனக்குப் புரிகிறதா? இனிமேல் நீ வளர வேண்டாம் என்று அவளிடம் சொல்வது. அதை நான் எப்படிச் சொல்வேன்? சொல்லாமல் விட்டு உன் வாழ்க்கையிலோ தாரணி வாழ்க்கையிலோ ஏதாவது ஆகிவிட்டால் அதை எப்படித் தாங்குவேன்? இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் அப்பாவிடம் போய் உட்கார்ந்தேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், வெளியே பழக்காரர் வண்டியில் ஒலிபெருக்கி சத்தம் போட்டுக்கொண்டு போனது. "ஏங்க, சித்தி சொல்றதும் நியாயமாத்தான் படுது. இனிமே நீங்க பிரிக்காதீங்க. நானும் டக் வைக்கல" என்றேன்.

"எதப் பிரிக்க வேணாம்?" என்று கேட்டார்.

"பெட்டியில இருக்கிற தையலத்தான். இத்தன வருசமா நீங்கதானே பிரிச்சு வைக்கிறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா?"

அவர் பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். "நானா? எனக்கு ஊசி எந்தப் பக்கம்னே தெரியாது. நீதான் பிரிக்கிறேன்னு நான் இருந்தேன். ஒனக்கு அது ஒரு ஆறுதல், நாம கேட்டுக் கெடுத்துடக் கூடாதுன்னு வாயத் தொறக்காம இருந்தேன். அன்னைக்கு ரசம் வச்சுக் கூப்பிட்டியே, அன்னைலேருந்து."

"நான் இல்லங்க."

"நானும் இல்ல" என்றார். இரண்டு பேரும் சாமி அறைப் பக்கம் திரும்பவில்லை. நல்ல பட்டப்பகலில் பயந்தேன் என்று எழுத எனக்கு வெட்கமில்லை. ஆனால் பயத்தைவிடப் பெரிதாக இன்னொன்று இருந்தது. அவர் செய்தார் என்று நினைத்துத்தான் அவரோடு திரும்பச் சேர்ந்தேன். நான் செய்தேன் என்று நினைத்துத்தான் அவர் என்னோடு சேர்ந்தார். இரண்டு பேரும் செய்யவில்லை என்றால், எங்களைச் சேர்த்துத் தைத்தது யார்?

மறுநாளே டெய்லர் கடைக்குப் போனேன். இப்போது பாயின் மகன் உட்கார்ந்திருக்கிறார். பச்சைத் துணி கொடுத்து, எட்டு வயசுப் பிள்ளைக்குப் பாவாடை, டக் வேண்டாம் என்றேன். "வளர்ற புள்ளைக்கு டக் இல்லாமலா டீச்சர்?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று உனக்குச் சொன்னால் புரியாது. பச்சைத் துணி, பச்சை நூல், கீழே ஒரே ஒரு மடிப்பு. வெள்ளிக்கிழமை காலையில் அப்பாவும் நானும் பெட்டியை இறக்கி, பழைய புடவையை எடுத்துவிட்டு, பாவாடையை வைத்து, சித்தி சொல்லச் சொன்னதைச் சொன்னோம். அப்பாவால் முழுதாகச் சொல்ல முடியவில்லை. மஞ்சள் துணியை நான்தான் கட்டினேன், இறுக்கமாகவே கட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாரணி வந்தாள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வருகிறேன் அத்தை என்று போன் போட்டுவிட்டுத்தான் வந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து டவுன் பஸ் பிடித்து, கோயில் ஸ்டாப்பில் இறங்கி நடந்து, வேர்த்து விறுவிறுத்து வந்து நின்றாள். நீ அவளிடம் எதுவும் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும், நீதான் எல்லாவற்றையும் நெட்வொர்க் கோளாறு என்கிற ஆள். எனக்கு மறைக்கப் பிடிக்கவில்லை. கல்யாணப் புடவையை முதலில் வீட்டுச்சாமிக்கு வைத்து எடுத்துத்தான் மருமகள் கட்ட வேண்டும். யார் முன்னால் வைத்த புடவையைக் கட்டப்போகிறோம் என்று தெரியாமல் ஒரு பெண் இந்த வீட்டுக்குள் வரக் கூடாது. அதனால் உனக்கு இப்போது எழுதியது எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், பச்சைப் பாவாடை வரைக்கும். கல்யாணம் வேண்டாம் என்று அவள் எழுந்து போயிருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன், உன்னிடமும் அவளுக்காகத்தான் பேசியிருப்பேன். அவள் எழுந்திருக்கவில்லை. தண்ணீர்ச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டாள். கடைசியில், "அண்ணிய நான் பாக்கலாமா அத்தை?" என்றாள்.

அப்பா பெட்டியை இறக்கினார். என் முடிச்சு நான் போட்டபடியே இருந்தது, பிரிக்க எனக்கே சிரமமாக இருந்தது. பாவாடையை எடுத்துத் தாரணி கையில் கொடுத்தேன். அவள் அதை மடியில் விரித்துப் போட்டுக் கீழ்ப்பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். தடவின கை நின்றுவிட்டது.

"டக் இல்லாமத் தச்சேன்னு சொன்னீங்களே அத்தை?"

குனிந்து பார்த்தேன். பாவாடையின் கீழே சுற்றிலும் ஒரு டக் வைத்திருந்தது. மிஷின் தையல் இல்லை, கையால் தைத்தது. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று கோணல், புதிதாக ஊசி பிடிக்கப் பழகுகிற பிள்ளை தைக்கிற மாதிரி. நூல் பச்சை இல்லை. வெளுத்துப்போன ஊதா நூல்.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். தாரணிதான் முதலில் வாயைத் திறந்தாள். "வளந்தவங்களுக்கு எதுக்கு அத்தை இத்தனூண்டு பாவாடையும் டக்கும்? இது அண்ணி அவங்களுக்குத் தச்சுக்கிட்ட மாதிரி எனக்குத் தெரியல. இனிமே வளரப்போற ஏதோ ஒரு புள்ளைக்குத் தச்சு வச்சிருக்காங்க." சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே புரிந்தது போலிருக்கிறது, முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பாவாடையை மடியிலிருந்து தள்ளவில்லை. வந்த மடிப்பிலேயே அழகாக மடித்து என் கையில் கொடுத்தாள். "இதப் பிரிக்க வேணாம், இப்படியே இருக்கட்டும். கல்யாணப் புடவைய மொதல்ல அண்ணிகிட்ட வைங்க. அவங்க கட்டிப் பாத்துட்டுக் குடுக்கட்டும், நான் அப்பறம் கட்டிக்கிறேன்" என்றாள். அதற்குப் பிறகு கையை நீட்டி ஜாக்கெட்டுக்கு அளவும் கொடுத்தாள். நான்தான் ஒரே அளவை இரண்டு தடவை எடுத்தேன்.

இந்தத் தடவை நான் அப்பாவிடம் கேட்கவில்லை. ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று அவர் விரல் நுனிகளைப் பார்க்கவில்லை. அவரும் என் விரல்களைப் பார்க்கவில்லை. ஒரு தடவை கேட்டதே போதும் என்று இருவருக்கும் தோன்றிவிட்டது. அன்றைக்குச் சாயங்காலம் பூண்டு ரசம் வைத்தேன், உட்கார்ந்து சாப்பிட்டோம். சித்திக்குப் போன் போட்டு, டக் இல்லாத பாவாடை வைத்துக் கும்பிட்டாகிவிட்டது, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து சேரு என்று சொல்லிவிட்டேன். சொன்னதில் பொய் இல்லை, வைத்தபோது அதில் டக் இல்லைதானே.

நீ கேட்ட சொல்லை, இந்தக் கடிதத்தை முடித்ததும் அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன். "வந்து சேருங்கள்" என்று போடச் சொல்லப்போகிறேன். ஜாயின் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை, படையலில் நான் கூப்பிடுவதும் இதைச் சொல்லித்தான். கூப்பிட்டால் நாம் நினைத்தவர்கள் மட்டும் வருவார்கள் என்று எந்த மொழியிலும் உத்தரவாதம் கிடையாது. அதனால் நீ ஊருக்கு வந்து இறங்கியதும் முதலில் சாமி அறைக்கு வா. கல்யாணப் புடவையை நீதான் உன் கையால் பெட்டியில் வைக்க வேண்டும். முன்னே மாதிரி எங்கேயோ பார்த்துக்கொண்டு பட்டனை அழுத்தாதே, நன்றாகப் பார்த்துக் கூப்பிடு. அப்புறம் ஒன்று. கல்யாண வீட்டுச் சந்தடியில் யாராவது உன்னைத் தம்பி என்று கூப்பிட்டால், அம்மாவோ அப்பாவோதான் என்று நினைத்து இருந்த இடத்திலிருந்தே பதில் சொல்லிவிடாதே. எழுந்து வந்து பார்.

உன் அம்மா